கூல்வெனின் மாத்திரை, ஃபூஜேரின் பால்

கூல்வென் அப்க்ரால் அன்று முதலில் கேட்டது இருமல் மிட்டாய். அவருக்கு இருமல் இல்லை. எடுத்துக் கொடுத்தேன். அடுத்து ஒரு பல் பிரஷ் கேட்டார். மென்மையானதா, கடினமானதா என்றேன். எதுவானாலும் சரி என்றார். மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகியிருந்தது. தேவையில்லாத இரண்டு பொருள்களைக் கேட்பவர் மூன்றாவதாகத்தான் வந்த விஷயத்தைக் கேட்பார் என்று அதற்குள் கற்றிருந்தேன். காத்திருந்தேன்.

"ஒரு சந்தேகம்மா," என்றார் பிரெஞ்சில். "குதிரையைப் பத்தி இல்ல." குதிரை லாயத்தில் வேலை பார்ப்பவர் அவர், வழக்கமாகக் கேட்பது குதிரையைப் பற்றித்தான்.

அவருக்குப் பின்னால் வரிசையில் ஐந்து பேர். ஐந்து பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதாவது ஐந்து பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கூல்வென் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நான் பள்ளியில் கணக்கு முதல் வேதியியல் வரை எங்கள் பகுதியின் பழைய மொழியான பிரெத்தோனிலேயே படித்தவள். கூல்வெனுக்கும் வீட்டில் கேட்டு வளர்ந்த பிரெத்தோன் உண்டு. நான் குரலைத் தாழ்த்தி, பிரெத்தோனிலேயே சொல்லுங்கள் என்றேன். அவர் முகம் தெளிந்தது.

"ஆம்பளைக்குப் பால் வருமா?"

"எந்த ஆம்பளைக்கு?"

"பொதுவா."

"உங்களுக்கா?"

"சட்டையில ரெண்டு பக்கமும் ஈரம். வட்டமா. தீவனத்தை மேல கொட்டிக்கிட்டியான்னு முதலாளியம்மா கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

நான் முழுவதையும் விளக்கினேன். இது நீங்கள் சாப்பிடும் அமிசல்பிரைடு மாத்திரையால் வருவது, போன இலையுதிர் காலத்தில் அளவை இரட்டிப்பாக்கினார்களே அதனால் வந்திருக்கும், ஆபத்தில்லை, ஆனால் மனநல மையத்து டாக்டரம்மாவிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஒரு இலக்கணப் பிழை இல்லாமல் சொல்லி முடித்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வரிசையின் முதலில் நின்ற ஃபிலோமென் கிழவி, வயது எண்பத்தொன்று, அவர் தோளில் தட்டினாள்.

"பயப்படாத கூல்வென்," என்றாள், என்னுடையதைவிட நல்ல பிரெத்தோனில். "எங்க அப்பா வச்சிருந்த கிடாவுக்கும் ஒரு தடவை வந்துச்சு."

கூல்வெனைப் போல வீட்டில் கேட்டுப் பழகிய ஒருசிலரை விட்டால், எங்கள் ஊரில் இன்று பிரெத்தோன் தெரிந்தவர்கள் இரண்டே வகை. என்னைப் போல அதற்கென்று உள்ள பள்ளியில் படித்த முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஒரு வகை. பள்ளிக்கூட வாசலை மிதித்த நாளில்தான் முதன்முதலாகப் பிரெஞ்சைக் கேட்ட கிழவிகள் மற்றொரு வகை. திங்கட்கிழமை காலை மருந்துக்கடை வரிசையில் நிற்பது முழுக்க இரண்டாவது வகை. ரகசியம் பேசுவதற்கென்று நான் தேடிப் பிடித்தது, அந்த வரிசை முழுவதற்கும் தாய்மொழியான மொழியை.

கூல்வென் இருமல் மிட்டாயையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஃபிலோமென் தன் மருந்துச் சீட்டை நீட்டியபடி, "நீ பேசறது ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு பொண்ணே. ஆனா ஒவ்வொரு சொல்லும் தெளிவா விழுது," என்று பாராட்டினாள்.

கூல்வெனைப் பற்றி எழுத அவரிடமே சம்மதம் வாங்கிவிட்டேன். குதிரையின் எடையைத் தப்பாக எழுதக் கூடாது என்பது மட்டுமே அவர் போட்ட நிபந்தனை. ஃபூஜேர் எண்ணூற்றைம்பது கிலோ.

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஊருக்கு வெளியே மரிவோன் கெமெனெர் என்ற விதவை பிரெத்தோன் வண்டிக்குதிரைகள் வளர்க்கிறாள். அங்கே பதினைந்து வருடமாக லாயத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். அதற்கு முன்னால், இருபத்து மூன்று வயதில், காலிஃபிளவர் அறுவடைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அவர் தலைக்குள் ஒரு வர்ணனையாளன் வந்து உட்கார்ந்தான். திட்டும் குரல், மிரட்டும் குரல் எல்லாம் சிலருக்கு வரும். கூல்வெனுக்கு வந்தவன் குதிரைப் பந்தய வர்ணனையாளன். "இதோ கூல்வென் கத்தியை எடுக்கிறார்! வெட்டுவாரா? தயங்குகிறார்! அந்தோ, பக்கத்து வரிசைக்காரர் முந்திவிட்டார்!" என்று எழுந்தது முதல் படுக்கும் வரை சொல்லிக்கொண்டே இருப்பான். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்ததாம். மூன்றாவது வாரம், அவன் ஒரு வாக்கியத்தை முடிக்கும் வரை கூல்வெனால் அடுத்த அடி எடுத்து வைக்க முடியாமல் போனது. ஒருநாள் வயலின் நடுவில், ஒரு காலைத் தூக்கியபடி, நாற்பது நிமிடம் நின்றிருக்கிறார். அங்கிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

முதலில் கொடுத்த மாத்திரைகள் வர்ணனையாளனை அடக்கின. கூடவே கூல்வெனையும் மரக்கட்டை ஆக்கின. கை விறைத்தது, நாக்கு தடித்தது. பிறகுதான் அமிசல்பிரைடுக்கு மாற்றினார்கள். அது மூளையில் கண்ட கதவையெல்லாம் தட்டுவதில்லை. டோபமின் என்ற மூளை ரசாயனத்துக்கென்று உள்ள சில கதவுகளை மட்டும் அடைக்கிறது. குறைந்த அளவில் கொடுத்தால் அதன் குணமே வேறு. சோர்ந்து மூலையில் உட்கார்ந்துவிட்டவரைக் கொஞ்சம் எழுப்பி விடும். அளவைக் கூட்டினால் இரைச்சலை அடக்கும். கூல்வெனின் வர்ணனையாளன் மைக்கைக் கீழே வைத்தான். கூல்வென் குதிரைகளிடம் வந்து சேர்ந்தார். எல்லாம் சரியாக இருந்தது, அவருடைய அப்பா இறந்த போன இலையுதிர் காலம் வரை. அப்போது வர்ணனையாளன் தொண்டையைச் செருமத் தொடங்கியதால்தான் நானூறு மில்லிகிராமை எண்ணூறு ஆக்கினார்கள்.

பால் வந்த காரணம் எளிது. டோபமின் உடம்பில் இரண்டு வாசலில் வேலை பார்க்கிற ஆள். மூளையில் ஒரு வாசலில் அவன் சில சமயம் கூத்தடிப்பான். மூளைக்கு அடியில் தொங்கும் பட்டாணி அளவுச் சுரப்பியிலோ, ப்ரோலாக்டின் என்ற பால் ஹார்மோன் வெளியே ஓடிவிடாமல் ஒழுங்காகக் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பான். மாத்திரைக்கு அவன் எந்த வாசலில் நல்லவன், எந்த வாசலில் கெட்டவன் என்று தெரியாது. இரண்டு இடத்திலிருந்தும் விரட்டிவிடும். அங்கே இரைச்சல் நிற்கும். இங்கே பால் வரும்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியுமா? புதன்கிழமைச் சந்தைக்குள் செய்தி பரவிவிட்டது. காப்பிக் கடையில் பால் தீர்ந்துவிட்டால் கூல்வெனைக் கூப்பிடு என்றார்கள். கிரெப் என்ற மெல்லிய தோசை சுடுகிறவள் மாவு கரைக்க அரை லிட்டர் கிடைக்குமா என்று கேட்டாளாம். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கூல்வெனும் சிரித்திருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை வழக்கம்போல வாரத்து மாத்திரை டப்பாவை நிரப்பி வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரத்து மாத்திரைகளை அன்றன்றைக்கு வேலியோரத்துச் சேற்றில் போட்டுவிட்டார். அது எங்களுக்குத் தெரியாது. டப்பா ஒழுங்காகக் காலியாகி வந்தது.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவர் கடைக்கு வந்தபோது, கண்ணாடிக் கதவின் முன் சற்று நேரம் நின்றார். கதவு தானாகத் திறந்தது. அவர் வரவில்லை. கதவு மூடியது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, யாரோ சொல்லி முடிக்கட்டும் என்பதுபோல நின்றுவிட்டு, பிறகு உள்ளே வந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். நன்றாக இருக்கிறேன் என்றார், வழக்கத்தைவிட நன்றாகவே.

கடை உரிமையாளரிடம் சொன்னேன். அவர் உடனே மனநல மையத்துக்குத் தொலைபேசினார். அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் இடம் இருக்கிறது என்றார்கள். ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான விலங்கின் பின்னங்கால் அருகே நாள் முழுவதும் நிற்கிற மனிதர். சொன்னதைக் கேட்காதவனைக்கூட வைத்துக்கொள்வேன், தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவனை லாயத்துக்குள் விடமாட்டேன் என்று மரிவோன் அவரை வேலைக்கு எடுத்த நாளிலேயே சொல்லியிருந்தாள். லாயத்தை எடுத்துவிட்டால் கூல்வெனுக்கு மிச்சம் ஒரு அறையும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும்தான். அந்தப் பிரெத்தோன் விளக்கவுரையை நான் கொடுக்காமல் இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்து அன்று முழுவதும் மருந்துகளைத் தப்பான தட்டுகளில் அடுக்கினேன்.

மறுநாள் மரிவோனின் குதிரை ஒன்று குட்டி போட்டதும் செத்துப்போனது. குட்டி பிழைத்தது. குதிரைப் பதிவேட்டு விதிப்படி, அந்த ஆண்டு பிறக்கும் குட்டிகளுக்கு ஓ எழுத்தில்தான் பெயர் வைக்க வேண்டும். கையைக் கடித்ததால் அதற்கு ஓர்த்தி என்று பெயர் வைத்தார் கூல்வென். எங்கள் பக்கத்தில் தொட்டால் அரிக்கும் செடிக்கு அதுதான் பெயர். ஓர்த்திக்குப் புட்டிப்பால் ஒத்துக்கொள்ளவில்லை, கழிந்துகொண்டே இருந்தது. மரிவோன் குட்டியிழந்த தாய்க்குதிரை தேடி லாந்திவிசியோ வட்டாரம் முழுக்கத் தொலைபேசினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கால்நடை மருத்துவர் மெவெலின் சீட்டு எங்கள் கடைக்கு வந்தது. சல்பிரைடு ஊசி மருந்து, பெயர்: ஃபூஜேர், இனம்: குதிரை. மனிதர்களுக்கான மருந்துதான், குதிரைக்கென்று தனியாகச் செய்வதில்லை. சல்பிரைடு என்பது அமிசல்பிரைடின் மூத்த உறவு. பெட்டிகளை நானே கொண்டுபோய்த் தருகிறேன் என்றேன். நான் எதையும் நானாகக் கேட்டுச் செய்கிறவள் இல்லை. உரிமையாளர் மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தார்.

லாயத்தில் ஃபூஜேரைக் கட்டியிருந்தார்கள். அந்த வருடம் சினை பிடிக்காத, ஒன்பது வயதுக் குதிரை. மெவெல் பெட்டியைப் பிரித்தார். கூல்வென் ஓர்த்தியை விட்டு எழுந்து வந்து, பெட்டியில் இருந்த பெயரை விரலால் தடவிப் படித்தார்.

"இது என் மாத்திரைக்குத் தம்பியா?"

"அண்ணன்," என்றேன்.

மெவெல் கழுத்தில் ஊசியைப் போட்டார். ஃபூஜேருக்குப் பிடிக்கவில்லை. பின்பக்கத்தைத் திருப்பியது. பதினைந்து வருடமாகக் கூல்வென் அந்தத் திருப்பத்தை முதுகாலேயே உணர்ந்து விலகுகிறவர். இப்போது விலகவில்லை. தலையைச் சாய்த்து நின்றார். குளம்பு அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் பலகையைப் பிளந்தது.

மரிவோன் அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"ஏன்டா நகரல?"

"அவன் இன்னும் வாக்கியத்தை முடிக்கல," என்றார் கூல்வென்.

மரிவோன் பிடித்த சட்டையை விடவில்லை.

"எத்தனை நாளா மாத்திரை போடல?"

"பதினொண்ணு."

"எதுக்கு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி. சட்டை நனைவதைச் சொன்னார், காப்பிக் கடையைச் சொன்னார். கடைசியில், "பால் வர்ற ஆம்பளையை எந்த லாயத்துல வச்சுக்குவாங்க?" என்றார்.

"நாலு நாளா ஊர் ஊராப் பால் தேடி அலையறேன்," என்றாள் மரிவோன். "பால் வர்றவனைப் பார்த்து வெளிய போன்னு சொல்லுவேனா? ஆனா இதைக் கேட்டுக்க. இன்னைக்கு மாத்திரை உள்ள போகலேன்னா, நாளைக்கு நீ உள்ள வரமாட்ட. குட்டி செத்தாலும் சரி."

கூல்வென் ஓர்த்தியைத் திரும்பிப் பார்த்தார்.

மெவெல் இதற்குள் பலகை உடைந்ததைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். இந்த ஊசியைக் காலையும் மாலையும் போட்டு, கூடவே வேறொரு ஹார்மோன் மருந்தும் கொடுத்தால், குட்டியே போடாத குதிரைக்கும் ஒரு வாரத்தில் பால் இறங்கும். ஆனால் நாளைக்கு ஆறேழு தடவை யாராவது பொறுமையாகக் கறந்து பழக்க வேண்டும் என்றார். "உங்களுக்குத் தானா வந்ததைத்தான் கூல்வென், நாங்க இதுக்குப் பாடுபட்டு வரவைக்கிறோம்."

"அது கோளாறு இல்லையா?"

"மருந்து உடம்புல வேலை பார்க்குதுன்னு அர்த்தம். சரிபண்ணலாம். வெட்கப்பட என்ன இருக்கு?"

நான் தீவன அறையிலிருந்து மனநல மையத்துக்குத் தொலைபேசினேன். லாயத்தில் நடந்ததைச் சொன்னதும் வியாழக்கிழமை என்ற பேச்சு போய்விட்டது. டாக்டரம்மாவே திரும்ப அழைத்தார். பழைய நானூறை இப்போதே கொடுங்கள், நாளைக் காலை முதல் ஆளாக என்னிடம் அனுப்புங்கள், அதுவரை குதிரையிடமிருந்து தள்ளி இருக்கட்டும் என்றார். கூல்வென் மாத்திரையை விழுங்கினார். மரிவோன் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள், குதிரைக்குப் பூச்சி மருந்து கொடுத்த பிறகு பார்ப்பதுபோல.

டாக்டரம்மா ரத்தம் எடுத்தார், இதயத் துடிப்பின் வரைபடம் எடுத்தார், அமிசல்பிரைடை நானூறிலேயே வைத்து, ப்ரோலாக்டினை இறக்குகிற வேறொரு சின்ன மாத்திரையைச் சேர்த்தார். ஒரு வாரத்துக்குத் தினமும் வந்து முகத்தைக் காட்ட வேண்டும் என்றார். மூன்றாம் நாள் வர்ணனையாளனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாகக் கூல்வென் சொன்னார். ஐந்தாம் நாள் மரிவோன் அவரை லாயத்துக்குள் விட்டாள், தானும் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தபடி.

அதுவரை மரிவோன்தான் ஃபூஜேரைக் கறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது உதைத்துக்கொண்டே இருந்தது. கூல்வென் முதலில் வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றினார். "இது கூசும் முதலாளியம்மா, வலிக்கவும் செய்யும். கட்டை விரலை அங்க வைக்கக்கூடாது," என்றாராம். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்த மரிவோன் கேட்காமல் விட்டுவிட்டாள். அன்று கால் லிட்டர் வந்தது. இரண்டு நாளில் வாளியின் அடி மறைந்தது. ஓர்த்தியை மெல்ல அருகே விட்டார்கள். ஃபூஜேர் முகர்ந்தது. ஓர்த்தி முதல் காரியமாக அதைக் கடித்தது. ஃபூஜேர் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. அது போதும் என்றார் மெவெல்.

மரிவோனின் வாய் வழியாக ஊசியின் பெயர் சந்தைக்குப் போனது. அடுத்த திங்கட்கிழமை ஃபிலோமென் கிழவி வரிசையை மீறி வந்து ஒரு மருந்துப் பெட்டியைக் கல்லாவில் வைத்தாள். அவளுடைய பதற்றத்துக்காக டாக்டர் நான்கு வாரத்துக்கு எழுதிக் கொடுத்திருந்த மருந்து. அதை நான் எந்த மொழியிலும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். அவளேதான் பெட்டியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

"சல்பிரைடு. குதிரைக்குப் போட்டதும் இதுதானே?"

ஆமாம், ஆனால் உங்களுடையது சின்ன அளவு என்றேன்.

"எண்பத்தொண்ணு வயசுல எனக்கும் வந்துடுமா?"

வர வாய்ப்பு மிகக் குறைவு, எதற்கும் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று நான் பிரெஞ்சில் முணுமுணுத்தேன். வரிசையின் கடைசியில் நின்ற கூல்வென் நல்ல சத்தமாக, பிரெத்தோனில் சொன்னார்: "வந்தா சொல்லி அனுப்பு ஃபிலோமென். ஓர்த்திக்குப் பத்தல."

கடை முழுக்கச் சிரித்தது. ஃபிலோமென் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். பிறகு காப்பிக் கடையில் பால் பேச்சு எடுபடவில்லை. எடுத்தால் அது ஃபிலோமெனைப் பற்றியதாக ஆகிவிடும். அவள் வாய்க்கு எங்கள் ஊரில் எல்லோருக்கும் பயம்.

மே மாதக் கடைசியில், கடையில் யாரும் இல்லாத ஒரு நேரம் பார்த்துக் கூல்வென் வந்தார். சட்டை உலர்ந்திருந்தது. நான் டப்பாவை நிரப்பிக்கொண்டே எப்படி இருக்கிறீர்கள் என்றேன். நன்றாக இருக்கிறேன் என்றார். பிறகு டப்பாவின் மேல் கையை வைத்தார். முன்பு கேட்டவை போல இருமல் மிட்டாயோ பிரஷோ இல்லாமல், நேராகவே கேட்டார்.

"இனிமே என்னைப் பத்திக் கேக்காதீங்கம்மா. நல்லா இருக்கேன்னுதான் எப்பவும் சொல்லுவேன். அவன் பக்கத்துல உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தாலும் அதையேதான் சொல்லுவேன். ஃபூஜேர் எப்படி இருக்குன்னு கேளுங்க. தின்னுச்சு, தூங்குச்சு, சாணி போட்டுச்சுன்னு நான் சலிப்பாச் சொன்னா மாத்திரையைக் கொடுத்து அனுப்புங்க. கேக்கறதுக்குச் சுவாரசியமா ஏதாவது சொன்னேன்னா, அந்த நிமிஷமே டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க. அப்புறம் இன்னொண்ணு. தயவுசெஞ்சு பிரெஞ்சுலயே கேளுங்க."